நிலையான வளர்ச்சியா, வளங்குன்றா வளர்ச்சியா?

காலநிலை மாற்றம் பற்றிய ஒரு கருத்தரங்கில், "ஆண்டுக்கு ஏழு சதவீத வளர்ச்சி தொடர்ந்தால் அதுவே நிலையான வளர்ச்சி" என்றார் ஒருவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 'சஸ்டெயினபிள் டெவலப்மென்ட்' என்ற ஆங்கிலத் தொடருக்கு ஈடாக அவர் கையில் கொடுக்கப்பட்ட தமிழ்ச் சொல் அந்தப் பொருளைத்தான் தருகிறது.

'சஸ்டெயினபிள்' என்பதன் இலத்தீன் வேருக்கு, அடியிலிருந்து தாங்கிப் பிடித்தல் என்று பொருள். கருத்து பிறந்தது காட்டில். தாது உருக்கும் உலைகளுக்காக மரங்கள் அழிவதைக் கண்ட, ஜெர்மனியின் சாக்சனிப் பகுதிச் சுரங்க அதிகாரி கார்லோவிட்ஸ், வளரும் அளவுக்குமேல் வெட்டக்கூடாது என்று 1713இல் எழுதினார். 1987இல், சுற்றுச்சூழலும் வளர்ச்சியும் பற்றி ஆராய ஐ.நா. அமைத்த புருன்ட்லாண்ட் ஆணையம் இதை விரித்தது: இன்றைய தேவைகள் நிறைவேற வேண்டும், அவற்றுள் ஏழைகளின் தேவைக்கே முதலிடம், வருந்தலைமுறையின் வாய்ப்பும் கெடக்கூடாது.

இதில் 'நிலையான' எங்கே வந்தது? நிலையான விலை, நிலையான ஆட்சி என்கிறோம். ஏற்ற இறக்கம் இல்லாதது என்றே பொருள். பசிபிக் கடலில் உள்ள நவுரு தீவு, உரம் செய்ய உதவும் பாஸ்பேட்டைத் தோண்டி விற்று, 1970களில் உலகின் பணக்கார நாடுகளுள் ஒன்றாக இருந்தது. வருமானம் வந்துகொண்டிருந்தவரை அதையும் நிலையான வளர்ச்சி என்றுதான் எழுதியிருப்பார்கள். பாஸ்பேட் பெரும்பாலும் தீர்ந்தது, தீவின் நடுப்பகுதி வெறும் பாறைக் கூர்களாகக் கிடக்கிறது.

'நீடித்த' என்பதும் உதவாது. இதே 'சஸ்டெயினபிள் டெவலப்மென்ட்' பெயரில் ஐ.நா. வகுத்த 17 இலக்குகளில் எட்டாவதில், இடைவிடாது தொடரும் வளர்ச்சி, வளத்தை அழிக்காத வளர்ச்சி என்ற இரண்டும் ஒரே வரியில் தனித்தனியே கேட்கப்படுகின்றன. முதலாவதற்கே 'நீடித்த' பொருந்தும். இரண்டாவதற்கும் அதையே போட்டால் அந்த வரியே குழம்பிவிடும். வாக்கியத்தைப் படிக்காமல் அகராதியை மட்டும் புரட்டும் மொழிபெயர்ப்பு இங்கேதான் பிடிபடுகிறது. இலங்கையில் 'நிலைபேறான அபிவிருத்தி' என்கிறார்கள். வெறும் வளர்ச்சியையும் ('குரோத்') அபிவிருத்தியையும் ('டெவலப்மென்ட்') அவர்கள் பிரித்துவைத்திருப்பது நமக்கு வாய்க்காத தெளிவு. ஆனால் 'நிலைபேறு' அதே பழைய சிக்கல்தான். 'பேண்தகு' அழகான சொல். அதில் பேணப்படுவது வளர்ச்சியாகிவிடுகிறது, வளம் அல்ல.

'வளங்குன்றா வளர்ச்சி' என்பதே சரி. வளம் குன்றாத என்பதன் சுருக்கம் அது. கார்லோவிட்ஸின் காடு அதற்குள் இருக்கிறது. வறுமை ஒழிப்பு இச்சொல்லில் தெரியவில்லையே என்பார்கள். ஆங்கிலச் சொல்லிலும்தான் தெரியவில்லை. அதை விளக்கத்தில்தான் சொல்ல வேண்டும். பிற துறைகளில் வைத்துப் பாருங்கள். 'நிலையான மீன்பிடிப்பு' என்றால் தினமும் ஒரே அளவு பிடிப்பது என்று படும். 'வளங்குன்றா மீன்பிடிப்பு' என்றால் கடலில் மீன் மிஞ்ச வேண்டும் என்பது மீனவருக்கு உடனே விளங்கும்.