மியூனிமென்ட்: தோலில் எழுப்பிய மதில்

மொழிபெயர்ப்பு ஒன்றை மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வாக்கியத்தில் கண் நின்றுவிட்டது. இங்கிலாந்தின் பழைய மாளிகை ஒன்றில் 'நினைவுச்சின்ன அறை' இருந்ததாம். அதில் பெட்டி பெட்டியாகப் பத்திரங்கள் கிடந்தனவாம். நினைவுச்சின்னத்துக்கும் பத்திரத்துக்கும் என்ன உறவு? மூலத்தைப் புரட்டினேன். 'மியூனிமென்ட் ரூம்' என்று இருந்தது. மொழிபெயர்த்தவரின் கண்ணுக்கு அது 'மானுமென்ட்' ஆகிவிட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்களே இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, பத்திரத்தை மானுமென்ட் என்று எழுதியிருக்கிறார்கள்.

ஒரு குடும்பமோ கல்லூரியோ திருச்சபையோ தன் நிலத்தையும் உரிமையையும் நிலைநாட்டத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த பத்திரங்களின் தொகுதிதான் மியூனிமென்ட்ஸ். பெரும்பாலும் பன்மையில்தான் வரும். கிரயப் பத்திரம், குத்தகைச் சீட்டு, உயில், திருமண உடன்படிக்கை, தீர்ப்பு நகல், அரசன் தந்த சாசனம், பண்ணை நீதிமன்றத்தின் சுருள்கள் எல்லாம் இதற்குள் அடங்கும். அவற்றைப் பூட்டிவைக்கும் அறைக்கு மியூனிமென்ட் ரூம் என்று பெயர்.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'மூனிரே' என்றால் அரண் செய்தல். 'மொய்னியா' என்றால் நகர மதில். 'மூனிமென்டும்' என்றால் காவல், கோட்டை. இடைக்காலச் சட்டத் துறையினர் கோட்டைக்குரிய இந்தச் சொல்லை எடுத்துப் பத்திரத்துக்குச் சூட்டினார்கள். நிலத்தைச் சுற்றி எழுப்பிய மதில், ஆனால் கல்லால் அல்ல, எழுத்தால். இந்தச் சொல்லின் நெருங்கிய உறவினர் யார் தெரியுமா? துப்பாக்கிக்குப் போடும் அம்யூனிஷன். பிரெஞ்சுக்காரர்களின் 'லா ம்யூனிஷன்' வாயில் புரண்டு, முன்னால் ஓர் 'அ' ஒட்டிக்கொண்டது. நகராட்சியைக் குறிக்கும் முனிசிபல் மட்டும் உறவில்லை. அது கடமை என்று பொருள்படும் வேறொரு சொல்லிலிருந்து வந்தது.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று பார்க்குமுன் அந்தப் பெட்டிகளில் ஒன்றையாவது திறந்து பார்த்துவிடுவது நல்லது. நான் திறப்பது நார்ஃபோக் மாவட்டத்துப் பாஸ்ட்டன் குடும்பத்தின் பெட்டியை. அமெரிக்க நகரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது அவர்கள் வாழ்ந்த கடலோரக் கிராமத்தின் பெயர்.

1419இல் இறந்த கிளெமென்ட் பாஸ்ட்டன் ஏர் பிடித்த விவசாயி. சேணமில்லாத குதிரையில் தானிய மூட்டையைப் போட்டுக்கொண்டு ஆலைக்குப் போவார் என்று குடும்பத்துக்கு ஆகாத யாரோ பழித்து எழுதிவைத்த தாள் ஒன்று இன்றும் இருக்கிறது. கடன் வாங்கி மகனைப் படிக்கவைத்ததாகவும் அதே தாள் சொல்கிறது. பழிக்க எழுதியது, எனக்கென்னவோ பாராட்டாகத்தான் படுகிறது. அந்த மகன் வில்லியம் வழக்கறிஞராகி நீதிபதியாகி, நிலங்களாக வாங்கிக் குவித்தார். புதுப் பணக்காரர் வாங்கிய நிலத்துக்குப் பழைய பிரபுக்கள் உரிமை கொண்டாடுவது அக்கால வழக்கம். 1444இல் வில்லியம் இறந்ததும் வழக்குகள் ஒவ்வொன்றாக முளைத்தன.

1448இல் கிரெஷம் என்ற பண்ணையை மோலின்ஸ் பிரபு ஆள்வைத்துப் பிடித்துக்கொண்டார். வில்லியமின் மகன் ஜான் லண்டனில் வழக்காடிக்கொண்டிருக்க, மனைவி மார்கரெட் ஊரில் எதிரிகளுக்கு எதிர்வீட்டில் இருந்தார். அப்போது கணவருக்கு அவர் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. குறுக்குவில்லும் அம்பும் வாங்கி அனுப்புங்கள் என்று தொடங்கி, அதே மூச்சில் ஒரு பவுண்டு பாதாமும் ஒரு பவுண்டு சர்க்கரையும் பிள்ளைகளுக்கு உடுப்புத் துணியும் கேட்கிறார். கோட்டைக்குரிய சரக்கும் சமையலறைச் சரக்கும் ஒரே பட்டியலில் வருகின்றன.

பெரிய வழக்கு இனிமேல்தான். பிரெஞ்சுப் போர்களில் பணம் சேர்த்த சர் ஜான் ஃபாஸ்டால்ஃப், கேய்ஸ்டர் என்ற இடத்தில் செங்கல் கோட்டை ஒன்றைக் கட்டியிருந்தார். பிள்ளை இல்லை. 1459 நவம்பர் 5 அன்று அவர் இறந்தபோது, இரண்டு நாள் முன்பு கோட்டையும் நிலங்களும் எனக்கே என்று உயில் சொன்னார் என்று ஜான் பாஸ்ட்டன் கிளம்பினார். உயிலை நிறைவேற்ற வேண்டிய மற்றவர்களில் சிலர் அதை ஏற்கவில்லை. அந்த உயில் உண்மையா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் முகம் சுளித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஜானுக்குக் கிடைத்தது, லண்டனின் ஃப்ளீட் சிறையில் மூன்று தடவை வாசம்.

1466 மே மாதம் ஜான் இறந்தார். பாஸ்ட்டன்கள் பண்ணையடிமைகளின் வழிவந்தவர்கள், நிலம் வைத்துக்கொள்ளவே உரிமையில்லாதவர்கள் என்று எதிரிகள் கிளப்பிய பேச்சு அப்போது அரசன் நான்காம் எட்வர்டின் அவையில் விசாரணையில் இருந்தது. குடும்பம் தன் பெட்டிகளைத் திறந்தது. பழைய பத்திரங்களும் பண்ணை நீதிமன்றச் சுருள்களும் அரசன் முன் விரிந்தன. இவர்கள் நல்ல குலத்தவர்களே, தொன்றுதொட்டு ஆட்களை வைத்து ஆண்டவர்களே என்று அரசன் தீர்ப்பெழுதினான். ஏர் பிடித்த பாட்டனார் இரண்டு தலைமுறையில் பண்டைப் பிரபு ஆகிவிட்டார். காட்டிய பத்திரங்களில் சில அண்மையில் 'பழையதாக்கப்பட்டவை' என்ற ஐயம் எனக்கும் உண்டு. மதிலை எந்த மண்ணால் கட்டினாலும் மதில்தானே என்று நினைத்திருப்பார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் மார்கரெட் மூத்த மகனுக்கு எழுதிய கடிதம்தான் மியூனிமென்ட் என்ற சொல்லுக்கு நான் அறிந்த மிகச் சிறந்த உரை. எழுத்துகளைப் பத்திரமாக வைத்துக்கொள், தீங்கு செய்யக்கூடியவர்கள் கையில் சிக்கவிடாதே என்கிறார். உன் தகப்பனார் துன்பக் காலத்தில் வீட்டுச் சாமான் எதையும்விடத் தம் எழுத்துகளையும் சான்றுகளையுமே பெரிதாக மதித்தார். போனால் அவை போன்றவை திரும்பக் கிடைக்கவே மாட்டா என்பதை நினைவில் வை என்கிறார். அவர் மியூனிமென்ட் என்ற சட்டச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. 'எவிடென்ஸ்' என்கிறார். அக்கால ஆங்கிலத்தில் நிலப் பத்திரத்துக்கு அதுதான் வீட்டுப் பேச்சு.

1469 ஆகஸ்டில் நார்ஃபோக் கோமகன் ஏறத்தாழ மூவாயிரம் பேரோடு வந்து கேய்ஸ்டரை முற்றுகையிட்டார். உள்ளே மார்கரெட்டின் இளைய மகனும் மிகச் சில ஆட்களும். ஐந்து வாரத்தில் கோட்டை விழுந்தது. ஆனால் பத்திரங்கள் விழவில்லை. 1476 தொடக்கத்தில் கோமகன் திடீரென்று இறந்ததும் பாஸ்ட்டன்கள் தங்கள் எழுத்துகளைத் தூக்கிக்கொண்டு போய் நின்றார்கள்; கோட்டை திரும்பி வந்தது. ஃபாஸ்டால்ஃபின் சொத்தில் ஒரு பங்கு, சமரசத்தில் ஆக்ஸ்ஃபோர்டின் மாடலின் கல்லூரிக்குப் போயிற்று. நிலத்தோடு அதன் பத்திரங்களும் போயின. அக்கல்லூரியில் அவை சேர்ந்த கற்கோபுரத்துக்கு இன்றும் மியூனிமென்ட் கோபுரம் என்றே பெயர். எழுத்து நிலத்தைக் காக்க, கல் எழுத்தைக் காக்கிறது.

இந்தப் பெட்டிகளுக்குள் வேறு சில சொற்களும் கிடக்கின்றன. இன்டென்ச்சர் என்பதில் ஒளிந்திருப்பது பல். ஒரே தோலில் ஒப்பந்தத்தை இருமுறை எழுதி, நடுவே பல்பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொள்வார்கள். பின்னாளில் தகராறு வந்தால் பல்லோடு பல் பொருந்த வேண்டும். 1195 ஜூலை முதல் அரச நீதிமன்றம் இதில் மூன்றாவது படி ஒன்றைத் தோலின் அடிப்பகுதியில் எழுதித் தன்னிடம் வைத்துக்கொண்டது. அடியில் இருந்ததால் அதற்குப் 'பாதம்' என்றே பெயர். ஒருவர் மட்டும் எழுதித்தரும் பத்திரத்துக்குப் பல் வேண்டாம், விளிம்பை நேராக மழித்துவிடலாம். பெயர் மாற்றுவோர் எழுதும் டீட் போலில் உள்ள 'போல்' அந்த மழித்தல்தான். நம்மவர்களைப் பிஜிக்கும் நேட்டாலுக்கும் கப்பலேற்றிய ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆங்கிலத்தில் இருந்த பெயரும் இந்தப் பல் சொல்தான். அங்கே பொருத்திப் பார்க்க இரண்டாவது பாதி கூலியின் கையில் இருந்ததா என்பது வேறு கதை.

தோல் என்றேனே, அதற்கும் காரணம் உண்டு. ஆட்டுத்தோலில் எழுதியதைச் சுரண்டினால் மேல்படலம் உரிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே பத்திரம் தோலில், கடிதம் காகிதத்தில். நமக்கோ இரண்டும் ஓலைதான். வடமொழிப் பத்திரமும் இலைதான்.

இப்போது தமிழுக்கு வருவோம். பத்திரம் என்றால் ஒற்றைத் தாள். தொகுதி என்ற பொருள் வராது. ஆவணம் பழைய சொல். சங்கப் பாட்டில் கடைத்தெரு; சோழர் கல்வெட்டுகளில் விலையாவணம் என்பது கிரயப் பத்திரம். ஆவணங்களைப் பதிந்த இடத்துக்கு ஆவணக்களரி என்று பெயர் இருந்தது. ஆனால் இன்று ரேஷன் அட்டை முதல் விமான டிக்கெட் வரை எல்லாமே ஆவணம் ஆகிவிட்டதால் அந்தச் சொல்லில் மதிலின் கனம் எஞ்சவில்லை. சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையில் கிழவர் அழகாக வாதாடுகிறார்: நீ கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது. அந்த மூல ஓலையின் வாரிசுதான் பத்திர எழுத்தர்கள் இன்று சொல்லும் மூலப்பத்திரம், தாய்ப்பத்திரம். சொல் அருமையானது. ஆனால் அது வழிவழியைக் காட்டுகிறது, காவலைக் காட்டவில்லை.

காவலைக் காட்டும் சொல் கடலுக்கு அப்பால் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நிலப் பத்திரத்தைப் பத்திரம் என்று சொல்ல மாட்டார்கள். உறுதி என்பார்கள். காணி உறுதி, சீதன உறுதி, நன்கொடை உறுதி. நொத்தாரிசிடம், அதாவது பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் சட்டத்தரணியிடம், போய் உறுதி முடிப்பார்கள். உறுதி என்றால் திடம், அசையாமை. லத்தீன்காரன் மதிலை நினைத்து அடைந்த இடத்துக்கு ஈழத்தமிழர் நேர்வழியில் வந்துவிட்டார். தமிழ்நாட்டுச் சொல்லாக்கக் குழுக்கள் இதைத் திரும்பிப் பார்க்காதது எனக்குப் புரியாத விஷயம்.

ஆகவே என் பரிந்துரை: மியூனிமென்ட்ஸ் என்பதற்கு உறுதிக்கட்டு. கட்டு என்பது நானாக ஒட்டியது. கட்டிவைத்த தாள்களும் கட்டிய சுவரும் இரண்டும் அதில் தொனிக்கட்டும்.

ஒரு சிக்கல் மிச்சம். மார்கரெட்டின் கடிதம் உறுதியா? சட்டப்படி இல்லை. ஆனாலும் பாஸ்ட்டன்கள் கடிதங்களைக் குப்பையில் போடவில்லை. யார் எங்கே என்ன சொன்னார் என்பது நாளை நீதிமன்றத்தில் உதவலாம் என்று எண்ணும் வக்கீல் குடும்பம் அது. 1477 பிப்ரவரியில் மார்ஜரி புரூஸ் என்ற பெண் மார்கரெட்டின் இளைய மகன் ஜானுக்கு எழுதிய கடிதம், ஆங்கிலத்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய காதலர் தினக் கடிதம் என்று கொண்டாடப்படுகிறது. அதிலும் பாதிக் கவலை சீதனத்தைப் பற்றியது: அப்பா இதற்குமேல் தர மாட்டார், என்மேல் அன்பிருந்தால் அதற்காக என்னை விட்டுவிடாதே. (திருமணம் நடந்தது.) காதலும் கணக்கும் ஒரே தாளில் இருக்க, எதைச் சட்டப் பெட்டியில் போடுவது, எதைச் சொந்தப் பெட்டியில் போடுவது?

பிரித்தவர்கள் பின்னால் வந்தவர்கள். பாஸ்ட்டன்கள் யார்மவுத் பிரபுக்கள் ஆகி, கடனில் மூழ்கி, 1732இல் அந்தப் பட்டமும் வாரிசின்றி முடிந்தது. 1735இல் ஊர் வரலாறு எழுதிய பாதிரியார் ப்ளூம்ஃபீல்ட், ஆக்ஸ்னெட் மாளிகையின் மியூனிமென்ட் அறையில் முப்பது நாற்பது பெட்டிகளைப் பார்த்தார். சொத்து விவரம் இருந்தவை ஒருபுறம், வெறும் கடிதங்கள் மறுபுறம் என்று பிரித்தார். கடிதங்களில் பெரும்பகுதி, ஆய்வாளர்கள் சிலர் கைமாறி, ஜான் ஃபென் என்பவரிடம் வந்து 1787 முதல் அச்சேறியது. முதலில் அச்சேறியவற்றின் மூலங்களை அவர் மூன்றாம் ஜார்ஜ் அரசருக்குப் பரிசளித்து சர் பட்டம் பெற்றார். அரசரிடம் போன மூலங்கள் நூறாண்டு காணாமலே போய், 1889இல் சஃபோக்கின் ஒரு வீட்டில் அகப்பட்டன. ஆக, வேண்டாதவை என்று ஒதுக்கியவைதான் குடும்பத்தின் புகழாக எஞ்சின. இவற்றுக்குக் 'குடும்பத் தாள்கள்' போதும். உறுதிக்கட்டு என்று ஏற்றிச் சொல்ல வேண்டாம்.

சொல்லுக்கு ஒரு காலவரையும் உண்டு. இங்கிலாந்தில் நிலம் விற்பவர் முன்பெல்லாம் 60 ஆண்டுப் பத்திரங்களைக் காட்ட வேண்டும். 1874இல் அது 40 ஆயிற்று, 1925இல் 30, 1969இல் 15. 1925க்குப் பிறகு பழைய தோல்களுக்குச் சட்டத்தில் வேலை இல்லை. ஏராளமானவை எரிந்தன, சில விளக்குக் கூண்டுகளாயின. எஞ்சியவற்றை மாவட்ட ஆவணக் காப்பகங்கள் ஏற்றன. பெட்ஃபோர்ட்ஷயரில் 1913இலேயே தொடங்கிய முயற்சி அது. எனவே ஒரே தோல், காவல் காத்தவரை உறுதி. காவல் போனபின் வெறும் ஆவணம். மொழிபெயர்ப்பவர் ஆண்டைப் பார்த்துச் சொல்லைப் போட வேண்டும்.

மெய்ப்பில் 'நினைவுச்சின்ன அறை'யை அடித்துவிட்டு 'உறுதிக்கட்டு அறை' என்று எழுதி அனுப்பினேன். பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பிய தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி இருந்தது: "அடிக்குறிப்பு வேண்டும்."