ஃபெட்டீக் என்றால் வெறும் களைப்பா?

'பைலட் ஃபெட்டீக்' என்பதை விமானியின் களைப்பு என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் களைப்பு ஒரு டீ குடித்தால் போய்விடும், இது போகாது. தூக்கக் குறைவு, நெடுநேர விழிப்பு, உடல் உறங்கக் கேட்கும் நேரத்தில் வேலை, வேலைப்பளு இவற்றால் மூளையும் உடலும் மந்தமாகும் நிலையைத்தான் விமானத்துறை ஃபெட்டீக் என்கிறது.

சொல் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மூலமான 'ஃபதிகாரே' என்ற வினைக்குக் களைப்பது என்று பொருளில்லை, இன்னொருவரைக் களைக்க வைப்பது என்றுதான் பொருள். அப்புறம் 19ஆம் நூற்றாண்டில் திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கி விரிசல் விடும் உலோகத்துக்கும் அதே சொல் வந்தது. 1954இல் பிரிட்டனின் காமெட் பயணிகள் ஜெட்கள் நடுவானில் சிதறியது அதனால்தான்.

தமிழில் என் ஓட்டு 'அயர்வு'க்கு. அயர்தலில் சோர்வு, மறதி, கண்ணயர்தல் மூன்றும் உண்டு; உயிர் உசிர் ஆவதுபோல அயர்ந்து என்பது பேச்சில் அசந்து ஆகி, 'கொஞ்சம் அசந்தால் போச்சு' என்கிறோமே, விமானிக்கு நேர்வது அச்சு அசலாக அதுதான். 2010 மே 22, துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் குரல்பதிவில் முதல் 1 மணி 40 நிமிடம் கேப்டன் தூக்கத்தில் இருந்தது தெரிந்தது, குறட்டைகூடப் பதிவாகியிருந்தது. விழித்தபின் இறங்கும் பாதை தப்பாக இருந்தும், மேலே ஏறிவிடலாம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் இறக்கினார். 158 பேர் இறந்தார்கள். தூங்கி எழுந்த மந்தம் அவர் முடிவைப் பாதித்திருக்கலாம் என்றது விசாரணை.

சரி, களைக்க வைப்பது யார்? ரோஸ்டர், அதாவது யார் எப்போது பறப்பது என்ற பணி அட்டவணை, போடுகிறவரைக் கைகாட்டலாம், ஆனால் அவருக்கும் ஆள் கிடையாது. பயணிகள் கூட்டம் வேகமாகப் பெருகும் வளரும் நாடுகளில் விமானம் வாங்குகிற வேகத்துக்கு அனுபவமுள்ள விமானிகள் உருவாவதில்லை, டிக்கெட்டோ மலிவாக இருக்க வேண்டும், ஆகவே இருப்பவர்களையே சட்டம் விடும் கடைசி மணி வரை பறக்க வைப்பதுதான் கணக்கு. உச்சவரம்பு இலக்காகிவிடுகிறது. இந்தியாவில் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 ஆக்கி, இரவுத் தரையிறக்கங்களை 6இலிருந்து 2 ஆகக் குறைத்த புது விதிகள் 2025இல் இரு கட்டமாக அமலாயின. அந்த விதிகளுக்குப் போதுமான விமானிகள் இல்லாமல் டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது, விதிகளில் சில தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டன.

அயர்வாக இருக்கிறது என்று விமானி எழுதிக்கொடுக்கும் 'ஃபெட்டீக் ரிப்போர்ட்' என்பதை அயர்வு முறையீடு எனலாம். பறந்த மணிக்குத்தான் சம்பளம் என்று இருக்கும் இடத்தில் அதை எழுதிக்கொடுக்க எத்தனை பேருக்குக் கை வரும்?