கிருமி எட்டாத நுரையீரல் ஏன் திணறுகிறது?

பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத குழந்தை. நிமிடத்துக்கு 40 முதல் 60 மூச்சு என்பது இயல்பு. இதற்கு 70-ஐத் தாண்டுகிறது. மூக்கு மடல்கள் விரிகின்றன. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. மூச்சு வெளியேறும்போது மெல்லிய முனகல் கேட்கிறது. குரல்வளையைப் பாதி மூடிக்கொண்டு, உள்ளே போன காற்றில் கொஞ்சத்தைப் பிடித்துவைக்கப் பார்க்கிறது குழந்தை. முழுவதையும் விட்டுவிட்டால் நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். யாரும் சொல்லித்தராத தற்காப்பு இது.

குறைமாதக் குழந்தை என்றால் காரணம் தெரிந்ததுதான். காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் கொழுப்புப் பூச்சான சர்ஃபாக்டன்ட், கர்ப்பத்தின் 34, 35-ஆவது வாரத்தில்தான் போதிய அளவை எட்டும். அதன் பற்றாக்குறையே இந்தத் திணறலுக்கு அடிப்படை என்று மேரி எல்லன் ஏவரி, ஜெரி மீட் என்ற இரு ஆய்வாளர்கள் 1959-இல் காட்டினார்கள்.

நிறைமாதக் குழந்தை திணறுவதுதான் புதிர். 2024 ஜனவரியில் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கர்ப்ப காலத்தில் தாய்க்குக் கோவிட் வந்திருந்த 199 குழந்தைகளில் 34 பேருக்கு, அதாவது 17 சதவீதத்தினருக்கு, பிறந்தவுடன் மூச்சுத்திணறல். பொதுவாக இது 5, 6 சதவீதம்தான். சிறிய ஆய்வு, குறைமாதக் குழந்தைகளும் இதில் உண்டு. எண்ணை அப்படியே எல்லோருக்கும் பொருத்தக் கூடாது. ஆனால் இந்தக் குழந்தைகளிடம் கிருமி இருக்கவில்லை என்பதை எளிதில் தள்ளிவிட முடியாது.

நஞ்சுக்கொடி கறாரான காவலாளி. ரூபெல்லா, ஜிகா போன்ற சில வைரஸ்கள் அதைக் கடந்துவிடும். இன்ஃப்ளுவென்சாவும் கோவிட் வைரஸும் கடப்பது அரிது. ஆனால் தாயின் உடல் கிருமியோடு மல்லுக்கட்டும்போது எழும் அழற்சியை அந்தக் காவலால் முழுதாகத் தடுக்க முடிவதில்லை. நஞ்சுக்கொடியே பதறிப்போய்த் தன் பங்குக்கு அபாயக் குரல் எழுப்பும். வெளியே நடக்கும் சண்டையின் சத்தம் கருவை எட்டிவிடுகிறது.

அந்த அழற்சி நுரையீரலில் எங்கே கை வைக்கிறது? கருவின் நுரையீரல் முழுக்கத் தண்ணீர்; அதை நுரையீரலே சுரக்கிறது. பிரசவ வலியின்போது பெருகும் அட்ரினலின், சுரந்த செல்களையே உறிஞ்சவைக்கிறது. மூச்சுக்குழாய்களில் மிஞ்சும் நீரையும் சளியையும் வெளியே தள்ளுவது சீலியா என்னும் குறுஇழைகள். நெல் வயலில் காற்று புகுந்ததுபோல அவை வரிசை வரிசையாக அசையும். அந்த ஆய்வில் திணறிய குழந்தைகளின் இரத்தத்தில் அழற்சிப் புரதங்கள் மிகுந்திருந்தன. குறுஇழைகளை இயக்கும் புரதங்களின் ஒழுங்கு குலைந்திருந்தது. பரம்பரைக் கோளாறால் குறுஇழைகள் சரிவர அசையாத குழந்தைகளில் பெரும்பாலோர் நிறைமாதத்தில் பிறந்தும் முதல் நாளிலேயே திணறுவதைக் குழந்தை மருத்துவர்கள் முன்பே அறிவார்கள். அதனால் அழற்சி குறுஇழைகளைக் குலைக்கிறது என்ற விளக்கம் எனக்கு நம்பத்தக்கதாகப் படுகிறது.

ஆனாலும் அழற்சி வெறும் வில்லன் என்று முடித்துவிட முடியாது. செம்மறி ஆட்டுச் சோதனைகளில், பனிக்குடத்தில் அழற்சியைத் தூண்டியபோது சர்ஃபாக்டன்ட் முன்கூட்டியே சுரந்தது. அதற்கு விலையும் இருந்தது: காற்றறைகள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்துப்போயின.

அந்த ஆய்வில் திணறிய குழந்தைகளின் தாய்மாரில் 16 சதவீதத்தினரே தடுப்பூசி போட்டிருந்தார்கள். மற்றக் குழந்தைகளின் தாய்மாரில் 41 சதவீதம். சண்டை சீக்கிரம் அடங்கினால் சத்தமும் குறையத்தானே செய்யும்.

திணறும் குழந்தைக்கு உடனே செய்வது எளிமையான வேலை. மூக்கில் சிறு குழாய் பொருத்தி, காற்றைத் தொடர்ந்து இலேசான அழுத்தத்தில் செலுத்துவார்கள். இப்படித் தொடர்ந்து அழுத்தம் தரும் உத்தியை 1971-இல் ஜார்ஜ் கிரகரி என்ற மருத்துவரின் குழுவினர் வெளியிட்டார்கள்; மூக்குக் குழாய் பின்னால் வந்தது. முனகலால் குழந்தை செய்யப் பார்த்ததை இப்போது கருவி செய்கிறது. அழுத்தம் சரியாக அமைந்த சற்று நேரத்தில் முனகல் தணியத் தொடங்கும்.