வெளிறிய மஞ்சள் ரோஜா

17ஆம் நூற்றாண்டு டச்சு மலரோவியங்கள் சிலவற்றில் மற்றப் பூக்களெல்லாம் கையில் எடுக்கலாம் போலத் திரண்டு நிற்க, மஞ்சள் ரோஜா மட்டும் காகிதத்தில் வெட்டி ஒட்டியது போலத் தட்டையாக இருப்பது ஏன் என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார்.

வெவ்வேறு பருவங்களில் மலர்பவற்றை ஒரே சாடியில் சேர்த்து வரைவது அக்கால வழக்கம். பூத்தபோது தனித்தனியே பார்த்து வரைந்து வைத்தவற்றைப் பின்னர் ஒன்றுகூட்டினார்கள். உதிரும் இதழும் இலையை அரிக்கும் புழுவும் நிலையாமையைச் சொல்ல, வாடும் பூவை வாடாமல் காக்கும் பொறுப்பு வண்ணத்திடம் இருந்தது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ஆபிரகாம் மின்யோனின் ஓவியத்தில் பூக்களோடு ஒரு கடிகாரமும் இருக்கிறது. வண்ணம் தவறிய மஞ்சள் ரோஜா அதில்தான் உள்ளது.

மின்யோன் காவி மஞ்சளை அடியில் பூசி, அதன்மேல் இதழ்களின் மடிப்பையும் மினுமினுப்பையும் அரிதாரத்தால் தீட்டினார். அரிதாரம் என்பது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமம். முகப்பூச்சாகவும் அது பயன்பட்டதால்தான் தமிழில் நாடக ஒப்பனைக்கே அந்தப் பெயர் நிலைத்தது. ஒளி படப்பட, கந்தகத்தோடு இருந்த பிணைப்பு அறுந்து, ஆர்சனிக் ஆக்சிஜனோடு சேர்கிறது. அப்படி உருவாகும் சேர்மம் நீரில் கரையக்கூடியது என்பதால், எண்ணெய்ப் படலத்துக்குள் இருக்கும் இம்மியளவு ஈரத்தைப் பற்றிக்கொண்டே அது அடுக்குவிட்டு அடுக்கு நகர்கிறது. வழியில் மற்ற வண்ணப் பூச்சில் உள்ள ஈயம் எதிர்ப்பட்டதும் அந்தப் பயணம் முடிந்து, ஈய ஆர்சனேட்டாகப் படிந்துவிடுகிறது: குளோரின் கிடைத்த இடத்தில் மிமெட்டைட் என்னும் கனிமமாக, கிடைக்காத இடத்தில் ஷுல்டெனைட் என்னும் கனிமமாக. இவற்றுக்கு அரிதாரத்தின் பொன்மஞ்சள் இல்லை. மேலிருந்த மடிப்புகள் நிறமிழக்க, கண்ணுக்கு எஞ்சுவது அடியில் இருந்த காவி மட்டுமே.

2022இல் வெளியான ஆய்வில் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தாரும் ரைக்ஸ் அருங்காட்சியகத்தாரும் இதைக் கண்டறிந்தனர். எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் பதில் கதிர் வீசும் என்பது தெரிந்ததே. ஆர்சனிக்கின் கதிரை மட்டும் புள்ளி புள்ளியாகப் பதிந்தபோது, அலைந்தது போக இடத்திலேயே தங்கியிருந்த ஆர்சனிக், மின்யோனின் தூரிகைக் கோடுகளை இதழ் இதழாகக் காட்டியது. ஒரு பூவுக்கு இத்தனை கருவியும் பணமும் தேவையா என்று கேட்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். நிறம் எப்படிப் போயிற்று என்று அறியாமல், இன்னும் வெளிறாத அரிதாரத்துக்கு எவ்வளவு ஒளியும் ஈரமும் தாங்கும் என்று எந்தக் காப்பாளரும் முடிவு செய்ய இயலாது. மின்யோனின் ரோஜாவைப் பொறுத்தவரை, போன நிறத்தை மீட்க வழியில்லை. அதன் மடிப்புகள் இப்போது அந்த ஆர்சனிக் வரைபடத்தில் மட்டுமே இருக்கின்றன.