இம்பாக்ட் ஃபேக்டரைக் கூட்டாதீர்கள்

கரிம வேதியியல் உதவிப் பேராசிரியர் பணிக்கு வந்த பயோடேட்டாக்களைப் போன வாரம் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் 'மொத்த இம்பாக்ட் ஃபேக்டர்: 112'. அடுத்ததில் 87. பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

இம்பாக்ட் ஃபேக்டர் உங்களுடையது அல்ல, ஜர்னலுடையது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்த ஜர்னலில் வந்த கட்டுரைகளை இந்த ஆண்டு மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதன் சராசரி, அவ்வளவுதான். உங்கள் கட்டுரையை ஒருவரும் சீண்டாவிட்டாலும் பயோடேட்டாவில் அதே எண்தான் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் சம்பளத்தை நம் பாஸ்புக்கில் எழுதிக்கொள்ளும் கதை. அதைக் கூட்ட வேறு செய்கிறார்கள்!

நம்பாதவர்களுக்கு ஓர் உதாரணம். ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டர் 2 அளவில் இருந்தது. படிக அமைப்பைக் கண்டறிய உதவும் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008இல் அதில் ஒரு கட்டுரை எழுதினார். மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் எல்லோரும் அதை மேற்கோள் காட்டினார்கள். 2009இல் ஜர்னலின் எண் 49.9! 2011இல் மறுபடி 2க்கு வந்துவிட்டது. இடையில் அங்கே எழுதிய மற்றவர்கள் திடீரென்று இருபத்தைந்து மடங்கு மேதையாகி, அப்புறம் பழையபடி ஆகிவிட்டார்களா?

சரி, ஆராய்ச்சியாளரையே அளக்கும் எச்-இன்டெக்ஸ்? இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் சொன்னது. தலா குறைந்தது 20 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 20 இருந்தால் எண் 20. ஆனால் கட்டுரையை எழுதியவருக்கும், மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் படம் எடுத்துக் கொடுத்துப் பன்னிரண்டாவது பெயராக வந்தவருக்கும் ஒரே மதிப்புதான். மேற்கோள்களை எண்ணும் தளங்களில்கூட கூகுள் ஸ்காலரில் ஒன்று, ஸ்கோபஸில் வேறொன்று காட்டும். எந்த எண்ணைப் போட்டாலும் எங்கிருந்து எடுத்தது என்று எழுதுங்கள். சிக்கலான இயற்கைச் சேர்மம் ஒன்றை ஆய்வகத்தில் முழுமையாகச் செய்து எடுப்பவருக்கு வருடக்கணக்கில் உழைத்தாலும் இரண்டு மூன்று கட்டுரைதான் தேறும். நானோ பொருட்களில் வேலை செய்பவரின் எண்ணோடு அவர் எண்ணை ஒப்பிடுவது அநியாயம்.

நல்ல வேலைக்கு எண்ணே வராமலும் போகலாம். சென்னையில் பிறந்த கே. வெங்கட்ராமன் பெயரைத் தாங்கிய பேக்கர்-வெங்கட்ராமன் மறுசீரமைப்பு வினையை ஃபிளேவோன் என்ற தாவரச் சேர்மங்களைச் செய்பவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். பலர் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், 1930களின் மூலக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டுகிறார்கள்?

கைடு தேடும் மாணவர்களே, எண்ணைப் பார்த்தது போதும், அவருடைய கட்டுரையின் செய்முறைப் பகுதியைத் திறங்கள். அச்சுக்கு முன் மதிப்பிடும் ரெஃப்ரீயாக எனக்கு வரும் சில கட்டுரைகளில், சால்கோன் என்ற சேர்மத்தில் குளோரோவுக்குப் பதில் புரோமோ வைத்ததுதான் ஒரே மாற்றம், யீல்டு எல்லாமே 90 சதவீதத்துக்கு மேல், என்எம்ஆர் அடிக்கோடு ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. டியூட்டரேட்டட் குளோரோஃபார்மில் எடுத்ததாம், அந்தக் கரைப்பானின் மிச்சம் 7.26 பிபிஎம்மில் காட்ட வேண்டிய உச்சம்கூட இல்லை. படத்தைத் துடைத்திருக்கிறார்கள், வேறென்ன? ஆர்கானிக் சிந்தசிஸ் என்ற ஜர்னல் 1921இலிருந்தே ஒவ்வொரு செய்முறையையும் வேறொரு ஆய்வகத்தில் செய்து பார்த்த பிறகுதான் அச்சிடுகிறது. அதில் ஒரு செய்முறை இருந்தால் அந்த ஆளை நான் தனியாகக் கவனிப்பேன்.

'ஸ்கோபஸ் உத்தரவாதம், முதல் பெயர் இடம் காலி' என்று கட்டுரையில் பெயர் விற்கும் செய்தி வாட்ஸ்அப்பில் வந்தால் உடனே பிளாக் செய்யுங்கள். நண்பருக்கு அனுப்பாதீர்கள். ஜர்னல் தன் தளத்தில் சொல்வதை நம்பாமல் ஸ்கோபஸின் பட்டியலில் நேரடியாகத் தேடுங்கள். ஜர்னலின் அடையாளமான ஐஎஸ்எஸ்என் எண்ணும் பதிப்பாளர் பெயரும் பொருந்த வேண்டும், ஏனென்றால் நல்ல ஜர்னலின் பெயரிலேயே போலித் தளம் நடத்துகிறார்கள். 'யுஜிசி கேர்' என்று சொல்லிப் பணம் கேட்டால் சிரித்துவிட்டு வாருங்கள், ஏற்கத்தக்க ஜர்னல்களின் அந்தப் பட்டியலை யுஜிசி 2025 தொடக்கத்திலேயே கைவிட்டுவிட்டது.

இன்னொன்று, கொஞ்சம் தயங்கித்தான் சொல்கிறேன். உங்கள் கட்டுரைக்குச் சம்பந்தமே இல்லாத எட்டுப் பத்துக் கட்டுரைகளைச் சேர்க்கச் சொல்லி ஒரு ரெஃப்ரீ எழுதினால், அவை எல்லாமே பெரும்பாலும் ஒரே ஆளுடையவையாக இருக்கும். பயந்துபோய்ச் சேர்த்துவிடாதீர்கள். எவை பொருந்தாது, ஏன் என்று எடிட்டருக்கு மரியாதையாக நான்கு வரி எழுதுங்கள். நல்ல எடிட்டர் புரிந்துகொள்வார்.