குளத்து எல்லைப் புள்ளிகள்: கணினி போடும் கோட்டை அப்படியே நம்பாதீர்கள்

திருநெல்வேலிப் பக்கத்துக் குளங்கள் பலவும் பிறை வடிவம். ஒரு பக்கம் கரை வளைந்து கிடக்கும்; எதிரே உள்வாயில் வயலும் மேடும் நாக்கு நாக்காக நீட்டிக்கொண்டிருக்கும். இந்த எல்லையை ஜிபிஎஸ் புள்ளிகளாக எடுத்து, 'கான்வெக்ஸ் ஹல்' போட்டுப் பரப்புப் பார்த்தால் கூடுதலாகத்தான் வரும். புள்ளிகளைச் சுற்றி மாட்டிய ரப்பர் பேண்ட் அது. குடைவு அதற்குத் தெரியாது. வாயில் 120 மீட்டர் அகலத்தில் அரைவட்டமாக ஒரு வயல்நாக்கு இருந்தாலே ஏறக்குறைய 1.4 ஏக்கர் குளத்தோடு சேர்ந்துவிடும்.

ஒரே ஆள் சுற்றி நடந்து எடுத்த புள்ளிகள் என்றால் எந்த அல்காரிதமும் வேண்டாம். வரிசை எண்படி கோடு இழுத்தால் வேலை முடிந்தது. மூன்று பேர் ஆளுக்கொரு பக்கம் எடுத்து, ஒரே எக்செல்லில் கொட்டி, வரிசை கலைந்த பிறகுதான் தலைவலி.

அதற்குப் பழகிய வழி ஆல்ஃபா ஷேப். 1983இல் எடல்ஸ்ப்ரன்னர், கிர்க்பாட்ரிக், சீடெல் மூவரும் எழுதியது. நொங்கு வண்டிச் சக்கரத்தைப் புள்ளிகளை ஒட்டி உருட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்த இரண்டு புள்ளிகளில் தட்டி நிற்கிறதோ அவற்றுக்கிடையே கோடு. சக்கரம் சின்னதானால் இடைவெளிக்குள் நுழைந்து எல்லை அறுந்துபோகும். பெரிதானால் குடைவுக்குள் இறங்காமல் வாயிலேயே நின்றுவிடும். 20 மீட்டருக்கு ஒரு புள்ளி, குடைவின் வாய் 50 மீட்டர் என்றால் சக்கரத்தின் ஆரம் 10 மீட்டருக்கு மேல், 25க்குக் கீழ். 15 வைத்துத் தொடங்கலாம். எல்லைப் புள்ளிகள் மட்டும் இருந்தால் நடுப்பகுதி நிரம்பாது, வளையமாகக் கோடுதான் வரும். அதைப் பாலிகன் (மூடிய பரப்பு) ஆக்கிய பிறகே பரப்புப் பார்க்க வேண்டும்.

அந்த 15இன் அலகு மீட்டராக இருக்க வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகையாகவே உள்ளே கொடுத்தால் 15 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் பழைய ரப்பர் பேண்டையே திருப்பித் தரும். முதலில் யுடிஎம்முக்கு மாற்றுங்கள்; பூமியை மண்டலங்களாகப் பிரித்து, இடத்தை மீட்டரில் சொல்லும் முறை அது. பாளையங்கோட்டை 43ஆம் மண்டலம். தீர்க்கரேகை 78 டிகிரி தாண்டினால், உதாரணமாகத் திருச்செந்தூர், 44. இரண்டையும் கலக்கக் கூடாது.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், குடைவையும் பின்பற்றி எல்லை போடும் 'கான்கேவ் ஹல்' கருவி கேட்பது ஆரம் அல்ல, 0 முதல் 1 வரை ஒரு விகிதம். 1 கொடுத்தால் கான்வெக்ஸ் ஹல்லேதான். விகிதம் மிக நீண்ட கோட்டை வைத்துக் கணக்காவதால், மரத்தடியில் சிக்னல் குழம்பி ஒரு புள்ளி தூரத்தில் விழுந்தாலும் மற்ற குடைவுகளும் நிரம்பிவிடும். முதலில் அந்தப் புள்ளியைக் களையுங்கள்.

மடையை ஒட்டிய ஒடுக்கமான இடங்கள்தான் கடினம். எல்லைப் புள்ளிகளுக்கென்றே அமென்டா, பெர்ன், எப்ஸ்டீன் 1998இல் தந்த 'க்ரஸ்ட்' முறையில் கோடு சரியாக வரும் என்ற உத்தரவாதம் உண்டு, நிபந்தனையோடு: கரையில் எங்கு நின்றாலும், நடுக்கோட்டுக்கு (எதிரெதிர்க் கரைகளுக்குச் சம தூரத்தில் ஓடும் கோடு) உள்ள தூரத்தில் கால் பங்குக்குள் ஒரு புள்ளி வேண்டும். 20 மீட்டர் அகல ஓடையில் நடுக்கோடு 10 மீட்டர். அதில் கால் பங்கு 2.5 மீட்டர்; ஒவ்வொரு புள்ளியும் இரு பக்கமும் அவ்வளவு தூரத்தைக் காக்கும். ஆக 5 மீட்டருக்கு ஒரு புள்ளி. கைபேசி ஜிபிஎஸ்ஸின் பிழையே வெட்டவெளியில் ஏறக்குறைய 5 மீட்டர். புள்ளிகள் முன்னும் பின்னுமாகப் புரண்டு, கோடு மரம் அறுக்கும் ரம்பம் மாதிரி வரும். அங்கே டிஜிபிஎஸ் (பிழையைத் திருத்தித் துல்லியமாக அளக்கும் ஜிபிஎஸ் கருவி) கொண்டுபோங்கள், இல்லையென்றால் டேப் பிடியுங்கள்.