வயல் வெடிப்பும் முக்காலி வெடிப்பும்

மன்னார்குடி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழைய முக்காலிக்கு வெடிப்பு விழுந்த பழங்காலத் தோற்றம் கொடுக்க நினைத்து, பசை தடவி அதன்மேல் பெயின்ட் அடித்தேன். வெடிக்கவே இல்லை. அடைமழை நாளில் செய்தது காரணமாக இருக்குமா?"

இருக்கும். ஆனால் அது பாதிக் காரணம்தான்.

செய்முறை எளிது. முக்காலியை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, அடர்நிற எமல்ஷன் அடித்துக் காயவிட வேண்டும். அதன்மேல் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை. அது தொட்டால் விரலில் ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே வெளிர்நிற எமல்ஷன். கடையில் இதே தோற்றத்துக்குக் கேட்கும் விலையோடு பார்த்தால் செலவு அற்பம். ஓர் எச்சரிக்கை: வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். ஈரம் செய்து தேயுங்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள்.

இனி வெடிப்புக்கு வருவோம். எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் மணிகள். ஒரு மணியின் குறுக்களவு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தண்ணீர் ஆவியாக ஆக, இடுக்குகளில் மிஞ்சும் நீர் மணிகளை இழுத்து நெருக்கி, நசுக்கி, ஒரே தோலாக்கிவிடுகிறது. அந்தத் தோல் சுருங்கத் துடிக்கும். அடியில் உறுதியான பரப்பு இருந்தால் அது தோலை எங்கும் விடாமல் பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் சுருங்க வழியில்லாத தோல் தடிமனில் மட்டும் மெலிந்து அடங்கிவிடும். அடியில் இருப்பது இளகிய பசை என்றால் கதை வேறு. எங்கோ ஒரு பலவீனமான இடத்தில் தோல் கிழிந்ததும் இரு பக்கமும் பசைமேல் வழுக்கி விலகும். இடைவெளியில் அடர்நிறம் எட்டிப் பார்க்கும்.

தாளடி நெல் அறுத்து, தரிசில் உளுந்தும் எடுத்தபின் சித்திரை வெயிலில் நம் வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதும் இதே இழுவிசையால்தான். களிமண்ணின் மேல்பகுதி காய்ந்து சுருங்கும். ஈரமான அடிமண் அவ்வளவு சுருங்காமல் அதைப் பிடித்து நிறுத்தும். இரண்டு இடத்திலும் வெடிப்புகள் சந்திக்கும் முனையைக் குனிந்து பாருங்கள், அங்கேதான் சுவாரசியம்.

ஒரு வெடிப்பு விழுந்ததும், அதன் ஓரத்தில் வெடிப்புக்குக் குறுக்கான இழுவிசை தளர்ந்துவிடும். நீளவாட்டு இழுவிசை மட்டும் மிஞ்சும். அடுத்து வரும் வெடிப்பு, எந்த இழுவிசை மிகுதியோ அதற்குச் செங்குத்தாகத்தான் கிழிக்கும். ஆகவே அது பழைய வெடிப்பை நெருங்கும்போது வளைந்து, 90 பாகையில் போய் முட்டி நிற்கும். எந்தச் சந்திப்பிலும் நேராகக் கடந்து செல்வது மூத்தது, முட்டி நிற்பது இளையது. முக்காலியின் மேல்பலகையில் எது முதலில் கிழிந்தது, எது பின்னால் வந்தது என்று இப்படியே வரிசை சொல்லிவிடலாம். நான் விருந்துக்குப் போன வீடுகளில்கூட இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவதுண்டு.

வயலில் இன்னொரு படி உண்டு. கோடை மழை நனைத்து, வெயில் மீண்டும் காய்ச்ச, வெடிப்பு பெரும்பாலும் பழைய தடத்திலேயே திறக்கும். ஒவ்வொரு முறையும் சந்திப்பு சற்று நகர்ந்து, மூன்று கிளையும் 120 பாகைக்கு நெருங்கும். சதுரம் சதுரமாகத் தெரிந்த பாளங்கள் மெல்ல அறுகோணமாகும். ஒரே முறை காயும் முக்காலிக்கு அந்த வாய்ப்பில்லை.

"வெடிப்பு விழுந்த சாமான் வீட்டுக்கு ஆகாது" என்பார்கள். ஈரம் போனால் களிமண்ணும் சுருங்கும், பூச்சும் சுருங்கும், அவ்வளவுதான்; இதில் தரித்திரம் எங்கே வந்தது? சுண்ணாம்புத் தூளும் பசையும் குழைத்துப் பூசிய பழைய தஞ்சாவூர் ஓவியங்களிலும் வெடிப்பு உண்டு. அவற்றைக் காக்கும் ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவது வீண்செலவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

வாசகிக்கு வருகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் காற்று நீரைச் சுமந்து நிற்பதால் மேல்பூச்சு மெதுவாகக் காயும். மணிகள் நிதானமாகப் பரவி இணைந்துவிடும். மின்விசிறியின் கீழ் வையுங்கள், அல்லது தை பிறக்கட்டும். மறுபாதிக் காரணம் பசையாக இருக்கலாம்: முழுக்கக் காய்ந்திருந்தால் அது வழுக்காது. நீர் புகாத வகைப் பசையும் உதவாது. மேலே எனாமல் அடித்திருந்தால் அதுவும் தவறு. அது காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவது, பசையை நனைக்க அதில் தண்ணீர் இல்லை.

தடித்து அடித்தால் பாளம் பெரிதாகும், மெல்ல அடித்தால் நுணுக்கமாகும். பிரஷ் ஒரே திசையில் போனால் வெடிப்பும் அந்த வாக்கில் நீளும். ஸ்பாஞ்சால் ஒற்றினால் வலைபோல் விழும். அடித்த இடத்தில் மறுபடி பிரஷ் ஓட்டாதீர்கள், பசை பிரஷோடு வந்துவிடும். கடைசியில் எண்ணெய் வகை வார்னிஷ் ஒரு கை. தண்ணீர் கலந்த வார்னிஷ் வேண்டாம். வெடிப்பின் வழியே இறங்கிப் பசையை மீண்டும் இளக்கிவிடும்.